தளபதி எப்படி நாற்காலிக்கு வருகிறார்? பர்மாவின் நே வின் கதை

ராணுவம் ஆட்சியைப் பிடித்தது என்று ஒரு செய்தி வந்தால் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் ஓடும். நள்ளிரவு, தெருவில் டாங்கிகள், வானொலி நிலைய வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள், விடிந்ததும் இறுக்கமான குரலில் ஓர் அறிவிப்பு. படம் பொய்யில்லை. ஆனால் அது கடைசி ரீல். இடைவேளைக்கு முன்னால் நடந்ததைப் பார்க்காதவருக்கு, யாரோ ஒரு தளபதிக்குத் திடீரென்று பதவி ஆசை வந்துவிட்டது போலத் தோன்றும். ஆசை எல்லா நாட்டுத் தளபதிகளுக்கும் இருக்கலாம். எல்லா நாட்டிலும் அது பலிப்பதில்லையே, ஏன்?

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பர்மா, இன்றைய மியான்மர். அங்கே எல்லாம் மெதுவாக, படிப்படியாக, கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது. தமிழர்களுக்கு அது தூரத்துக் கதையும் இல்லை. சென்னையின் பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும் இந்தக் கதையின் வால்தான்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் செய்தித்தாள்களில் 'ராணுவப் புரட்சி' என்று எழுதும் பழக்கம் வெகுகாலமாக உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புரட்சி என்றால் கீழே இருப்பவர்கள் எழுந்து மேலே இருப்பவர்களை இறக்குவது. இங்கே நடப்பதோ, அரசாங்கத்தின் ஒரு கை அதே அரசாங்கத்தின் கழுத்தைப் பிடிப்பது. 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்பதே பொருந்துகிற சொல். இன்னொரு சொல் 'காபந்து அரசு'. தேர்தல் நடக்கும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக அரசு. சாதுவான சொல்தான், ஆனால் பர்மாவில் இதுதான் கதையையே திருப்பிப் போட்டது.

அஞ்சலக எழுத்தர்

1962-ல் பர்மாவின் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின்னின் இயற்பெயர் ஷூ மாங். அன்றைய தலைநகரான ரங்கூனில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அஞ்சல் நிலையத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1930-களில் அங்கே 'தக்கின்' இயக்கம் என்று இளைஞர்களின் சுதந்திர இயக்கம் ஒன்று இருந்தது. நம் ஊரில் வெள்ளைக்காரரைத் 'துரை' என்று கூப்பிட்டதுபோல் பர்மாவில் 'தக்கின்' என்று கூப்பிட வேண்டும். இந்த நாட்டுக்கு நாங்கள்தான் துரை என்று சொல்லி இளைஞர்கள் அந்தப் பட்டத்தைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். ஷூ மாங்கும் அதில் சேர்ந்தார்.

1941-ல் அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஆங் சான் தலைமையில் முப்பது இளைஞர்கள் ரகசியமாக வெளியேறி, ஜப்பானியர் கையிலிருந்த ஹைனான் தீவில் ராணுவப் பயிற்சி எடுத்தார்கள். 'முப்பது தோழர்கள்' என்று பர்மியப் பாடப்புத்தகங்கள் சொல்வது இவர்களைத்தான். பயிற்சியின்போது ஆளுக்கொரு போர்ப்பெயர் வைத்துக்கொண்டார்கள். ஷூ மாங் 'நே வின்' ஆனார். ஒளிவீசும் சூரியன் என்று பொருள். ஜப்பானியரோடு சேர்ந்து வந்து ஆங்கிலேயரை விரட்டினார்கள். பிறகு 1945 மார்ச் 27 அன்று துப்பாக்கியை ஜப்பானியர் பக்கம் திருப்பினார்கள். இன்றும் அங்கே ராணுவ தினம் மார்ச் 27-தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தியாவுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தது காங்கிரஸ் என்பது பொதுவான நினைப்பு. ராணுவம் ஆங்கிலேயரிடமிருந்து கைமாறி வந்தது. சுதந்திரம் எங்களால் வந்தது என்று சொல்லிக்கொள்ள அதற்கு வாய்ப்பில்லை. பர்மாவில் நிலைமை தலைகீழ். நாடு பிறப்பதற்கு முன்பே ராணுவம் பிறந்துவிட்டது. இந்த நாட்டைப் பெற்றவர்களே நாங்கள்தான் என்ற நினைப்பு அதன் ரத்தத்தில் இருந்தது. பிள்ளை சரியில்லை என்று தோன்றினால் பெற்றவர் கேட்கமாட்டாரா என்கிற நியாயம் அங்கிருந்து கிளம்புகிறது.

ஆங் சான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பர்மியர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள். 1947 ஜூலை 19 அன்று அமைச்சரவைக் கூட்டத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊ நூ அவர் இடத்துக்கு வந்தார், சுதந்திர பர்மாவின் முதல் பிரதமரும் ஆனார். 1948 ஜனவரி 4, அதிகாலை 4.20-க்குப் பர்மா சுதந்திரம் பெற்றது. ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரம். ஜோசியம் அவ்வளவாகப் பலிக்கவில்லை.

ரங்கூன் அரசு

மூன்றே மாதத்தில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் ஏந்தினார்கள். அப்புறம் ஆங் சானின் பழைய தொண்டர் படையில் ஒரு பெரும் பகுதி. அப்புறம் ராணுவத்திலேயே சில படைப்பிரிவுகள். 1949 ஜனவரி இறுதியில் சிறுபான்மை இனமான கரேன் மக்களின் ஆயுதப் படை எழுந்தது. ரங்கூன் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இன்செய்ன் அவர்கள் கையில் விழுந்தது. தலைநகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத அந்த ஊரை மீட்க 112 நாட்கள் பிடித்தன. நடுவில் மாண்டலேயும் கை நழுவியது. பர்மா அரசை வெளிநாட்டவர்கள் 'ரங்கூன் அரசு' என்று கேலி பேசினார்கள். அதன் ஆணை செல்லும் தூரம் அவ்வளவுதான் என்று பொருள்.

அப்போது ராணுவத்தின் தலைமைத் தளபதி ஸ்மித் டன். அவர் ஒரு கரேன். கிளர்ச்சியில் அவருக்குப் பங்கில்லை. ஆனாலும் கரேன் படையோடு போர் நடக்கும்போது கரேன் ஒருவர் தலைமையில் இருப்பதை அரசு விரும்பவில்லை. விடுப்பில் அனுப்பினார்கள், அவர் திரும்பவில்லை. அவர் இடத்தில் வந்தவர் நே வின்.

ஒரு சின்னக் கிளைக்கதை. டேராடூன் ராணுவ அகாடமியின் முதல் தொகுதியில் 1932-ல் சேர்ந்தவர்களில் மூன்று பேர் பின்னாளில் மூன்று நாடுகளின் தரைப்படைக்குத் தலைமை தாங்கினார்கள். இந்தியாவுக்கு மானெக் ஷா, பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு இந்த ஸ்மித் டன். ஒரே பள்ளி, ஒரே பயிற்சி. ஆட்சி என்பது ராணுவத்தின் வேலை இல்லை என்று பழக்கப்பட்ட அதிகாரிகள் பர்மாவிலும் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களில் பலர் கரேன்களாக இருந்ததால், ஒரே அடியில் வெளியேறினார்கள். மிஞ்சியவர்கள் அரசியல் இயக்கத்திலிருந்து ராணுவத்துக்கு வந்தவர்கள். உள்நாட்டுப் போர் ஒரு நாட்டை உடைப்பதோடு நிற்பதில்லை. ராணுவத்துக்குள் யார் மேலே போகிறார், யார் வீட்டுக்குப் போகிறார் என்பதையும் அது மாற்றி எழுதிவிடுகிறது.

1949 ஏப்ரலில் நே வின்னைத் துணைப் பிரதமராகவும் ஆக்கினார்கள். பாதுகாப்பும் உள்துறையும் அவர் கையில். அடுத்த ஆண்டு அமைச்சர் பதவிகளை விட்டுவிட்டுப் படைக்குத் திரும்பினார். முதல் ருசி அது.

கேன்டீனில் தொடங்கிய சாம்ராஜ்யம்

போர் ஓயவில்லை. சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமிண்டாங் கட்சியின் படைகள் எல்லை தாண்டி ஷான் மலைகளில் வந்து உட்கார்ந்துகொண்டன. அவர்களை விரட்ட ராணுவம் போனது. போன இடத்தில் நிர்வாகமும் அதன் கைக்கு வந்தது. தாசில்தார் போக முடியாத ஊருக்குக் கேப்டன் போகிறார் என்றால், வழக்கைத் தீர்ப்பதும் அரிசி மூட்டையைப் பங்கிடுவதும் கேப்டனின் வேலையாகிவிடும். பத்து வருடம் இப்படி ஓடினால், நாட்டை நடத்துவது எங்களுக்குத் தெரியும் என்று கேப்டன் நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

பலரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு விஷயத்தை நான் இங்கே நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1951-ல் சிப்பாய்களுக்குச் சாமான்கள் வாங்கி விற்க, ராணுவ சேவைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சாதாரண கேன்டீன். பிஸ்கட், சோப்பு, சிகரெட் விற்கும் கடை. பத்தே ஆண்டில் அதே கழகத்திடம் வங்கி இருந்தது, கப்பல் கம்பெனி இருந்தது, ரங்கூனின் பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. நாட்டின் மிகப் பெரிய வணிக நிறுவனமாகவே அது வளர்ந்துவிட்டது. பணத்துக்கு நிதியமைச்சர் கையை எதிர்பார்க்கும் ராணுவம் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். தனக்கென்று கல்லாப்பெட்டி வைத்திருக்கும் ராணுவம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். துப்பாக்கியை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கல்லாப்பெட்டியைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

1958: அழைப்பிதழ்

நே வின் ஆட்சியைப் பிடித்த ஆண்டு என்று புத்தகங்கள் 1962-ஐச் சொல்லும். என்னைக் கேட்டால் 1958 என்பேன்.

சுதந்திரத்திலிருந்து ஆண்டுவந்த கூட்டணிக் கட்சி அந்த ஆண்டு இரண்டாக உடைந்தது. கொள்கைச் சண்டை என்பதைவிட ஆள் சண்டை என்பதே சரி. ஊ நூவின் அணி தன்னைத் 'தூய' அணி என்றது. பா ஸ்வேயும் சா நெய்னும் நடத்திய எதிரணி 'நிலையான' அணி என்றது. ஜூன் மாதம் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஊ நூ 127-க்கு 119 என்று எட்டு ஓட்டில் தப்பினார். ஓட்டுக்காக இடதுசாரிகளையும் சிறுபான்மை இன உறுப்பினர்களையும் நம்ப வேண்டியதாயிற்று. பத்து ஆண்டுகளாகக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டுவந்த ராணுவ அதிகாரிகளுக்கு இது பொறுக்கவில்லை.

செப்டம்பரில் ரங்கூனைச் சுற்றிப் படைகள் நகர்கின்றன என்ற பேச்சு. கர்னல்கள் சிலர் பிரதமரைப் பார்த்து, கீழ்மட்ட அதிகாரிகள் ஏதாவது செய்துவிடுவார்கள் போலிருக்கிறது, எங்களால் தடுக்க முடியாமல் போகலாம் என்கிற தொனியில் பேசினார்கள். வீட்டுக்காரரிடம் வந்து, பையன்கள் கோபத்தில் இருக்கிறார்கள், சாவியை நீங்களே கொடுத்துவிட்டால் நல்லது என்று சொல்வது போல. செப்டம்பர் 26 அன்று ஊ நூ வானொலியில், தளபதி நே வின்னை அரசமைக்கத் தானே அழைப்பதாக அறிவித்தார். அழைத்தாரா, அழைக்க வைத்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படியோ, அக்டோபர் 28 அன்று நாடாளுமன்றம் முறைப்படி நே வின்னைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

முந்தின நாள் பாகிஸ்தானில் என்ன நடந்தது தெரியுமா? அதிபர் இஸ்கந்தர் மிர்சா அக்டோபர் 7 அன்று ராணுவச் சட்டத்தை அறிவித்து, தளபதி அயூப் கானைப் பொறுப்பில் உட்கார வைத்திருந்தார். அக்டோபர் 27 அன்று அயூப் கான் அழைத்தவரையே பதவியிலிருந்து இறக்கினார். தளபதியை அழைத்ததற்கும் அவரிடமே அடிபட்டதற்கும் இடையில் அங்கே இருபது நாள்தான் இடைவெளி. ஊ நூவுக்கு மூன்றரை ஆண்டு கிடைத்தது.

நே வின் கொடுத்த வாக்கு, ஆறு மாதத்தில் தேர்தல். நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டமும் சொன்னது. ஆறு மாதம் முடியும் முன்பே சட்டத்தைத் திருத்தினார்கள். காபந்து அரசு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நீடித்தது.

அந்த ஒன்றரை ஆண்டில் ராணுவம் நன்றாகவே வேலை செய்தது. சிக்கலே அதுதான். ரங்கூன் தெருக்களில் குவிந்து கிடந்த குப்பையை அள்ளினார்கள். போருக்குப் பயந்து நகரத்துக்கு ஓடிவந்து குடிசை போட்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை லாரிகளில் ஏற்றி ஒக்கலாப்பா, தக்கேத்தா என்று புதிதாகப் போட்ட புறநகர்களில் கொண்டுபோய் விட்டார்கள். துறைக்குத் துறை ஒரு கர்னல் உட்கார்ந்தார். விலைவாசி பிடிக்குள் வந்தது. ஷான் பகுதியின் பரம்பரை மன்னர்கள் 1959-ல் தங்கள் ஆட்சியுரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார்கள். சீனாவுடனான எல்லைத் தகராறுக்கு 1960 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. தன் சாதனைகளைத் தானே பட்டியலிட்டு ஒரு தடித்த புத்தகத்தையும் அரசு வெளியிட்டது. அரசியல்வாதிகள் பத்து வருடமாக முடிக்காததை நாங்கள் ஒன்றரை வருடத்தில் முடித்தோம் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் ஊறிப்போனது.

ஆனால் மக்கள்? 1960 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அன்றைய பர்மாவில் கட்சிக்கொரு ஓட்டுப்பெட்டி. ஊ நூ கட்சியின் பெட்டி பிக்குகளின் துவராடையை நினைவூட்டும் மஞ்சள் நிறம், மேலே ஊ நூவின் படம். ராணுவத்துக்குப் பிடித்தமான 'நிலையான' அணி மண்ணைக் கவ்வியது. தெரு சுத்தமானதில் மக்களுக்குச் சந்தோஷம்தான், சுத்தம் செய்தவிதத்தில் இல்லை. ஏப்ரலில் நே வின் அதிகாரத்தை ஊ நூவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய தளபதி என்று உலகம் பாராட்டியது.

விடிந்தபோது

திரும்பி வந்த ஊ நூ இரண்டு நெருப்புகளை ஒருசேரப் பற்றவைத்துக்கொண்டார். தேர்தல் வாக்குறுதிப்படி 1961 ஆகஸ்டில் புத்த மதத்தை அரச மதமாக்கினார். கிறிஸ்தவர்கள் மிகுந்த கச்சின் பகுதியில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கிளர்ச்சிக்கு இது எண்ணெய். இன்னொரு பக்கம், ஷான் தலைவர்கள் உண்மையான கூட்டாட்சி கேட்டார்கள். 1947 அரசியல் சட்டம் ஷான், கயா மாநிலங்களுக்குப் பத்து ஆண்டுக்குப் பிறகு பிரிந்துபோகும் உரிமையையே தந்திருந்தது. அந்தப் பத்து ஆண்டு 1958-லேயே முடிந்திருந்தது. ஊ நூ பேசித் தீர்க்கலாம் என்று 1962 பிப்ரவரியில் ரங்கூனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். கூட்டாட்சி என்றால் நாடு துண்டாகும் என்பது ராணுவத்தின் கணக்கு.

மார்ச் 1 இரவு, ரங்கூனுக்கு வந்திருந்த சீன பாலே குழுவின் நிகழ்ச்சி. நே வின் வந்து பார்த்தார். முடிந்ததும் நடன மங்கையோடு கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார். விடிவதற்குள் ஊ நூ, அமைச்சர்கள், தலைமை நீதிபதி, மாநாட்டுக்கு வந்திருந்த ஷான் தலைவர்கள் என்று சுமார் ஐம்பது பேர் கைது. சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவர் சாவ் ஷ்வே தைக்கின் வீட்டில் மட்டும் துப்பாக்கி வெடித்தது. அவருடைய 17 வயது மகன் இறந்தான். அவரும் அந்த ஆண்டே சிறையில் இறந்துபோனார். காலை 8.50-க்கு வானொலியில் நே வின்னின் குரல். நாட்டின் நிலைமை மிகவும் சீரழிந்துவிட்டதால் ராணுவம் பொறுப்பேற்றுக்கொண்டது என்றார்.

நகரம் அமைதியாக வேலைக்குப் போனது. எதிர்த்து ஒரு பெரிய ஊர்வலம்கூட இல்லை. ஏன் என்று யோசித்தால் 1958-க்குத்தான் திரும்பிப் போக வேண்டும். போனமுறை வந்தார்கள், கூட்டிப் பெருக்கினார்கள், தேர்தல் வைத்தார்கள், போனார்கள். இந்தமுறையும் அப்படித்தான் என்று பலரும் நினைத்தார்கள். அந்த ஒத்திகை அவ்வளவு நன்றாக நடந்திருந்தது.

தப்புக்கணக்கு என்று தெரிய நான்கு மாதம் ஆனது. ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் விடுதிக் கட்டுப்பாடுகளை எதிர்த்துப் போராடினார்கள். ராணுவம் சுட்டது. அரசு சொன்ன கணக்கு பதினைந்து சொச்சம், மாணவர்கள் சொல்லும் கணக்கு நூறுக்கும் மேல். மறுநாள் விடியற்காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1930-களில் ஆங் சான் தலைவராக இருந்து நடத்திய அதே சங்கம். நே வின் வானொலியில், வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி என்று பேசினார்.

அதற்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 'பர்மிய வழி சோஷலிசம்' என்ற பெயரில் 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. ஒரே கட்சிதான் இருக்கலாம் என்று சட்டம் வந்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழர்கள் உட்பட சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர்தான் பர்மா பஜாரில் கடை போட்டார்கள். பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று தரை வழியாகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன.

சீருடை மாறிய விதத்தை மட்டும் கவனியுங்கள். 1972-ல் ஜெனரல் நே வின் ராணுவப் பதவியைத் துறந்து ஊ நே வின் ஆனார். 'ஊ' என்றால் 'திரு' மாதிரி. 1974-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அதன்படி, 1962 முதல் ஆண்டுவந்த ராணுவக் குழுவான புரட்சிக் கவுன்சிலின் தலைவர், மக்களின் குடியரசுத் தலைவரிடம் ஆட்சியை ஒப்படைத்தார். கொடுத்தவர் நே வின், வாங்கியவர் நே வின். நாள் மார்ச் 2.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்று ஏதும் தராமல் ரத்து செய்துவிட்டு, 45, 90 என்று புது நோட்டுகள் அடித்தார்கள். இரண்டும் ஒன்பதால் வகுபடுபவை, ஒன்பது அவருடைய ராசி எண் என்று ஊரெல்லாம் பேச்சு. சேமிப்பை இழந்த மாணவர்கள் முதலில் கொதித்தார்கள், அடுத்த ஆண்டு நாடே தெருவுக்கு வந்தது. 1988 ஜூலை 23 அன்று பதவி விலகிய உரையிலும், ராணுவம் வானத்தைப் பார்த்துச் சுடாது, குறிபார்த்தே சுடும் என்று எச்சரித்துவிட்டுத்தான் இறங்கினார். ஆகஸ்டில் அப்படியே நடந்தது. செப்டம்பர் 18 அன்று அடுத்த தளபதி சா மாங் ஆட்சியை எடுத்துக்கொண்டார்.

2002 மார்ச்சில் நே வின்னின் மருமகனையும் பேரன்களையும் ராணுவ அரசு கைது செய்தது. குற்றச்சாட்டு, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி. கிழவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். அந்த டிசம்பர் 5-ல் அவர் இறந்தார். அரசு மரியாதை இல்லை, அரசு அறிவிப்பு இல்லை. குடும்பத்தார் காசு கொடுத்துப் போட்ட இரங்கல் விளம்பரம்தான் சில பத்திரிகைகளில் வந்தது. தகனத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள்.